மஞ்சள் ஏறிய வருஷத்துப் படங்கள்

ஜூலை 10, வியாழன்

கம்பிக்கடைக்காரர் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுப்பார். நானும் வருஷா வருஷம் அதைப் பரணில் போடுவேன். பேச வாய் இருக்கும்போது எழுத எவளுக்குக் கை வரும்? இப்போது வாயைப் பூட்டிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நேற்று திருநெல்வேலியில் தொண்டையில் ஆபரேஷன். குரல் வருகிற இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு சதை வளர்ந்திருந்ததாம். அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதலாம். டாக்டரம்மா சின்னப் பெண், என் மகன் கதிரேசன் வயதுதான் இருக்கும். "செருமக்கூடக் கூடாது ஆச்சி" என்றாள். ஐம்பத்தாறு வயதில் நான் ஆச்சியாம். பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

வீட்டில் இருப்பது நாங்கள் இருவர். கதிரேசன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். என் வீட்டுக்காரர் கோமதிநாயகம், சங்கரன்கோவில் ஜோதி ஸ்டூடியோ முதலாளி, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினார் என்றால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கும் சேர்த்து நான்தான் பேசி வருகிறேன். இப்போது வீடு கோயில் நடை சாத்தினது மாதிரி கிடக்கிறது. பள்ளிக்கூடம் சேரும் பிள்ளைகள் கையில் பிடித்துப் படம் எடுக்கிற சிலேட்டை ஸ்டூடியோவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். அதில் நான் முதலில் எழுதியது: 'காப்பியில் சீனி இல்லை.'

எங்கள் ஸ்டூடியோவில் பெரும்பாலும் பிள்ளைகள்தான். பெயர் வைத்தால், காது குத்தினால், மொட்டை போட்டால், பிறந்தநாள் வந்தால் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். படம் எடுப்பது அவர். பிள்ளைகளைப் பார்க்க வைப்பது நான். அதற்கு என்னிடம் ஒரு சத்தம் உண்டு. நாக்கை மேலே ஒட்டி இரண்டு தட்டு. அப்புறம் உதட்டைத் துடிக்க விட்டு ஒரு 'ப்ர்ர்ர்'. கடைசியில் தொண்டையும் மூக்கும் சேர்ந்து மேலே ஏறுகிற 'க்கீ...ய்'. எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சியும் அந்தக் 'க்கீய்'க்குத் தலையைத் தூக்கிச் சிரித்துவிடும். அந்த நேரம் அவர் பட்டனை அமுக்கிவிடுவார். நான் சொல்லவும் வேண்டாம், அவர் கேட்கவும் வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பேச்சு வருமா என்று கேட்கவில்லை. அந்தச் சத்தம் வருமா என்றேன். எந்தச் சத்தம் என்றாள். போட்டுக் காட்டினேன். அப்போதே கடைசியில் கிழிந்துதான் வந்தது.

"பேச்சு நல்லா வரும். மேல போற அந்தக் கீச்சு வருமான்னு இப்ப சொல்ல முடியாது. ஆறட்டும், பாப்போம்."

இந்தப் 'பாப்போம்' நேற்றிலிருந்து மனதை அறுக்கிறது.

ஜூலை 12, சனி

கீரைக்காரி வாடின தண்டங்கீரையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். என் வாய் அடைத்ததில் ஊரில் முதல் லாபம் அவளுக்கு.

ஜூலை 14, திங்கள்

வீட்டில் உட்கார முடியவில்லை. ஸ்டூடியோவுக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சேரைத் துடைத்துப் போட்டார்.

புளியங்குடியிலிருந்து ஒரு கூட்டம், வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தது. முதல் பிறந்தநாள். பிள்ளை பெயர் தர்ஷித். இப்போதெல்லாம் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இப்படித்தான் ஒரு பெயர், கூப்பிட்டால் தும்மல் மாதிரி இருக்கிறது. பிள்ளை மட்டும் நல்ல அழகு. கன்னம் இரண்டும் பணியாரம்.

குட்டி நாற்காலியில் உட்கார வைத்ததும் வேனில் வந்த அத்தனை பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். "தர்ஷி, இங்க பாரு! தாத்தாவ பாரு! காக்கா பாரு! ஏல, இங்கன பாருல!" ஒருவர் கையைத் தட்டுகிறார், ஒருவர் சாவிக்கொத்தை ஆட்டுகிறார், சித்தப்பாக்காரன் குட்டிக்கரணம் போடாத குறை. பிள்ளை எதைத்தான் பார்க்கும்? மேலே பார்த்தது, கீழே பார்த்தது, கடைசியில் வாயைப் பிளந்து ஓங்கி அழுதது.

வழக்கமாக இந்த இடத்தில் நான், "எல்லாரும் வாய மூடுங்க, இது என் வேல" என்பேன். கூட்டம் அடங்கும். அந்த அமைதியில் சத்தம் போடுவேன். இன்று சிலேட்டில் 'பேசாதீர்கள்' என்று எழுதிக் காட்டினேன். "ஊமையா, பாவம்" என்று ஒரு கிழவி உச்சுக்கொட்டினாள். என்னைப் பார்த்து! இந்த ரத வீதியில் என் வாய்க்குப் பயந்து நடந்தவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது.

அவர் விரலைச் சொடுக்கிப் பார்த்தார். சீட்டி அடித்துப் பார்த்தார், காற்றுதான் வந்தது. நடுவில் கூட்டமே அசந்து ஓய்ந்துபோய் ஒரு நிமிஷம் அமைதியானது. அப்போது அவர் விரல் பட்டனுக்கு மேலே போய் நின்றது. பழக்க தோஷம். சத்தம் வரும் என்று அது காத்துக்கொண்டிருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

பிள்ளை கூரையைப் பார்க்கிற படம் ஒன்று தேறியது. அதையே அச்சடித்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜூலை 16, புதன்

சுப்பையாக் கோனார் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்தார். அவர் மகன் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிக்கொண்டிருக்கிற படம். முழுக்க மஞ்சள் ஏறிவிட்டது. கம்ப்யூட்டரில் போட்டுச் சரிசெய்து தரவேண்டுமாம். பின்பக்கம் திருப்பினேன். நினைத்தேன், அதே வருஷம்தான். தொண்ணூற்றொன்று.

எங்கள் ஸ்டூடியோ படங்களுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு, வெயிலில் கிடந்தாலும் மங்காது என்று. அந்த ஒரு வருஷத்துப் படங்களுக்கு மட்டும் மஞ்சள் காமாலை. அப்போது கலர் ரோலைத் திருநெல்வேலிக்கு அனுப்புவோம். கறுப்பு வெள்ளையை இவரே இருட்டறையில் போட்டுக் கழுவுவார். மருந்திலிருந்து எடுத்த படத்தை ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் அலச வேண்டும். ஹைப்போ என்கிற அந்த மருந்து கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போதும், அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும், வருஷம் போகப் போகப் படத்தைத் தின்றுவிடும்.

'ஒழுங்கா அலசாமல் தூங்கிவிட்டீர்களா?' என்று சிலேட்டில் எழுதி நீட்டினேன். முப்பது வருஷமாகக் கேட்கிற கேள்விதான்.

"பேப்பரு சரியில்ல" என்றார். முப்பது வருஷமாகச் சொல்கிற பதில்தான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஜூலைக் கடைசியில் கோயிலில் அம்மன் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறும். மொட்டை போட வருகிற பிள்ளைகள் எல்லாம் முதலில் இங்கே வரும். அதை நினைத்தால் பகீரென்கிறது.

கதிரேசன் போன மாதமே போனில் என் சத்தத்தைப் பதிந்து வைக்கச் சொன்னான். நேற்று ராத்திரி அவரிடம், "அதப் போட்டுப் பாருங்கப்பா, பிள்ளைக்கு என்ன தெரியும்" என்றானாம். இன்று ஒரு பெண்பிள்ளைக்கு அதைப் போட்டார். பதியும்போதே என் தொண்டை போயிருந்தது. இரண்டு தட்டு கேட்டது, 'ப்ர்ர்ர்' கேட்டது, கடைசியில் கிணற்று மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. பிள்ளை தவழ்ந்து வந்து போனைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது.

அவர் போனை வாங்கி அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். வாடிக்கைக்காரர்கள் இருக்க இருக்கவே தெருவில் போய் நின்றுகொண்டார். நான் போய்ப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. வெயில் பட்டதாம்.

ஜூலை 19, சனி

ஆடி மூன்று. பால் பாயசம் வைத்தேன். விசேஷம் ஒன்றுமில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மனுஷன், இரண்டு டம்ளர் குடித்தார். நானும் தடுக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

திருநெல்வேலிக்குப் போய்வந்தோம். எடுத்த சதையில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. அவர் அந்தப் பேப்பரை மடித்துக் கும்பிட்டுவிட்டுப் பைக்குள் வைத்தார்.

"ஆ சொல்லுங்க ஆச்சி."

சொன்னேன். என் தொண்டைக்குள்ளிருந்து எங்கள் தெருச் சுடலைமாடன் கோயில் பூசாரி பேசினார். டாக்டரம்மாவுக்குத் திருப்தி. இப்படித்தான் முதலில் இருக்குமாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வேண்டும், கத்தக் கூடாது, அழக் கூடாது. இரண்டு வாரமாக அடைத்து வைத்திருந்த வாய், முதலில் அவரைப் பார்த்து என்ன சொல்லும்? "சாப்பிட்டியளா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா இருக்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் முன் சீட்டுக்காரி தோளில் ஒரு பிள்ளை. என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. மானூர் தாண்டும்வரை பொறுத்தேன். அப்புறம் கையும் வாயும் சும்மா இருக்கவில்லை. இரண்டு தட்டு தட்டினேன். பிள்ளை கண்ணை விரித்தது. 'ப்ர்ர்ர்' விட்டேன். வாய் ஓரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அப்புறம் தொண்டையை மேலே ஏற்றினேன். வெறும் காற்று. சைக்கிள் டியூபில் காற்று போகிறாற்போல. பிள்ளை அப்படியே இருந்தது. மீதிக்காகக் காத்திருந்தது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் காற்று. அது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கவனித்திருக்க மாட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

காலையிலிருந்து துணி துவைத்தேன், மாவு ஆட்டினேன், வத்தலுக்கு வெயில் காட்டினேன். செய்ய ஒன்றும் மிச்சமில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்களுக்கு முதலில் ஒரு பெண்பிள்ளை. செண்பகம். தொண்ணூறில், ஆடி மூன்றாம் தேதி பிறந்தாள். அப்போது ஸ்டூடியோவின் பின்கட்டில்தான் குடியிருந்தோம். ஒரு அறை எங்களுக்கு, ஒரு அறை இருட்டறை, நடுவில் பலகைக் கதவு. அவர் உள்ளே வேலையில் இருந்தால் கதவைத் திறக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால் பேப்பர் எல்லாம் பாழ். செண்பகத்துக்கு அது புரியுமா? அப்பா அந்தக் கதவுக்குள்ளே போனார் என்பது மட்டும் தெரியும். கதவைப் பார்த்து அழுவாள். நான் கதவோரம் காலை நீட்டி உட்கார்ந்து, அவளைக் காலில் போட்டுக்கொண்டு என்னென்னவோ சத்தம் போடுவேன். காக்கா, ஆடு, லாரி எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் இது வந்தது. இரண்டு தட்டு, ப்ர்ர்ர், க்கீய். அழுகை பாதியில் நின்று, கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். அதற்கப்புறம் அவளுக்கு வேறெதுவும் பிடிக்கவில்லை. 'க்கீய்' வருவதற்கு முன்னாலேயே தோளைக் குலுக்கிக்கொண்டு காத்திருப்பாள்.

அவருக்கு இது எதுவும் தெரியாது. உள்ளே குழாய்த் தண்ணீர் தொட்டியில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு வயது ஆகாமல் பிள்ளையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அப்போது இரண்டு வீட்டிலும் சொல்வார்கள். ஊரே சொல்லும். ஊர்ப் பிள்ளைகளில் பத்துக்கு எட்டு ஒரு வயது முடிந்துதான் எங்கள் ஸ்டூடியோவுக்குள் வரும். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஆடியில் வயது முடியட்டும், முதல் படம் ஜம்மென்று எடுக்கலாம் என்று கிளிப்பச்சையில் பட்டுப் பாவாடை தைத்து வைத்திருந்தேன். பங்குனியில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

படம் எடுக்கிறவன் பிள்ளைக்கு ஒரு படம் இல்லை. அவள் மூக்கு யாரைப் போல என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குத் திடமாகச் சொல்ல வராது. அந்தச் சிரிப்பு மட்டும் தெரியும். அதுவும் சத்தத்தைப் போட்டால்தான் தெரியும்.

காரியம் எல்லாம் முடிந்து, முதல் முறையாக ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவர் பிள்ளை அழுதுகொண்டிருந்தது, இவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துவிட்டார். நான் நினைக்கவே இல்லை, சத்தம் தானாக வந்துவிட்டது. அந்தப் பிள்ளை கண்ணீரோடு சிரித்தது. அவர் பட்டனை அமுக்கவில்லை. அப்படியே நின்றார். பிறகு, "இன்னொரு மட்டம் போடு" என்றார். போட்டேன், எடுத்தார். அன்றிலிருந்து அது என் வேலை ஆனது. அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குச் சிரித்தாயிற்று. ஒவ்வொன்றிலும் எனக்கு அவள் ஒரு நொடி வந்து போவாள். சத்தம் போனால் அவளும் போய்விடுவாள். அதுதான் விஷயம். டாக்டரம்மாவிடம் இதையா சொல்ல முடியும்?

ஜூலை 30, புதன்

தினமும் மொட்டைமாடியில் போய்ப் பழகுகிறேன். காக்காய்கள் பறந்துவிடுகின்றன, அதுதான் பலன்.

இவர் போக்கும் சரியில்லை. மதியம் சாப்பாடு ஆனதும் பழைய இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அங்கே இப்போது பிள்ளைகளுக்கான மர யானையும் பொம்மை கிரீடமும்தான் கிடக்கின்றன. குழாயை வேறு திறந்துவிடுகிறார். எனக்குத் தெரியாதா? பத்து வருஷத்துக்கு முன்னால் விட்ட பீடியைத் திரும்பப் பிடித்திருக்கிறார். வாடை போக வாய் கொப்பளிக்கிறார். என்னால் கத்த முடியாது என்று துளிர் விட்டுப்போயிற்று.

ஆகஸ்ட் 2, சனி

'பீடியா?' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "இல்ல" என்று அவரும் அதே சிலேட்டில் எழுதிக் கொடுத்தார். வாய் நன்றாக இருக்கிற மனுஷன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

முப்பிடாதி வந்தாள். மேலரதவீதி இரும்புக்கடைக்காரர் மகள். தன் முதல் பிறந்தநாள் படத்துக்கு எங்களிடம் உட்கார்ந்தவள், இப்போது இரண்டு பெண்ணுக்குப் பிறகு ஒரு பையன் பெற்று வைத்திருக்கிறாள். அவனுக்குப் பத்து மாதம். சுருட்டை முடி தோளைத் தொடுகிறது. வியாழக்கிழமை தபசு அன்றைக்கு மொட்டை. அதற்கு முன்னால் அந்த முடிக்குப் பெண்வேஷம் போட்டு ஒரு படம். எங்கள் பக்கத்தில் இது விட முடியாத வழக்கம். ஆம்பளைப் பிள்ளை வளர்ந்து மீசை வைத்த பிறகு கல்யாண வீட்டில் வைத்துக் கேலி செய்ய அந்தப் படம் வேண்டும்.

"புதன்கிழம கூட்டிட்டு வாரேன்த்த. நீங்க அந்தச் சத்தம் போடணும், ஆமா."

"என் தொண்ட போச்சுட்டீ" என்றேன் பூசாரிக் குரலில்.

"ஐய, நீங்க சும்மா நின்னாலே அவன் சிரிப்பாம்த்த."

போகும்போது பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அவளுடைய முதல் பிறந்தநாள் படம். மஞ்சள். தொண்ணூற்றொன்று, மாசி. "இதயும் சரி பண்ணி வைங்க மாமா, மகன் படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்" என்று அவரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

மாசி என்றால் அப்போது செண்பகம் பின்கட்டில் இருந்திருக்கிறாள். இந்தப் படம் கழுவும்போது நான் கதவோரம் உட்கார்ந்திருப்பேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முப்பிடாதி பிள்ளையோடு பத்து மணிக்கு வந்தாள். பொய்ச்சடை, கதம்பம், வளையல், நெத்திச்சுட்டி எல்லாம் கொண்டுவந்திருந்தாள். கொண்டுவராதது அளவான பாவாடை. வாடகைக்கு எடுத்தது மூன்று வயதுப் பிள்ளைக்கானது. கட்டினால் அவிழ்கிறது, ஊக்குப் போட்டால் குத்துகிறது. "சட்டையோட எடுத்துருவமா?" என்றாள், அழாத குறையாக.

இரு என்று கையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். பரணில் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வருஷம் ஒருமுறை வெயிலில் போட்டு எடுக்கிற துணிதான், அதனால் ஒரு பூச்சி அரிப்பு கிடையாது. கிளிப்பச்சை இன்னும் கிளிப்பச்சையாகவே இருக்கிறது. கொண்டுவந்து கட்டிவிட்டேன். அவனுக்கென்று தைத்தது மாதிரி நின்றது.

"யாருதுத்த இது, இவ்ளோ அழகா இருக்கு?"

"இங்கன கெடந்துச்சு" என்றேன்.

அவர் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். காமிராவுக்குள் பார்த்தார். தலையை எடுத்தார். பாவாடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடியும் காமிராவுக்குள் குனிந்துகொண்டார்.

பூவும் சடையும் உறுத்தியதோ என்னவோ, பிள்ளைக்கு உதடு பிதுங்க ஆரம்பித்தது. முப்பிடாதி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கையைத் தட்டினாள். அழுகை ஏறியது. "அத்த..." என்று என்னைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. விரலை மட்டும் பட்டனில் வைத்தார்.

எனக்கு வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பாவாடையில் ஒரு பிள்ளை அழும்போது சும்மா நிற்க முடியுமா? இரண்டு தட்டு தட்டினேன். அழுகை நின்றது. 'ப்ர்ர்ர்'. கண்ணில் தண்ணீரோடு என்னைப் பார்த்தான். தொண்டையை ஏற்றினேன். காற்று. அவன் காத்திருந்தான். உதடு மறுபடியும் கீழே இறங்கப் போனது.

க்கீ...ய்.

காமிராவுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஏறுகிற இடத்தில் ஏறி, மூக்குக்குள் மடங்கி, கடைசியில் ஒரு சின்ன வெட்டு. நான் போடுவதில் அந்த வெட்டு தேய்ந்துபோய் வெகுகாலம் ஆகிறது. ஒரு நாளைக்குப் பதினெட்டு பிள்ளைக்குச் சத்தம் போடுகிற அவசரத்தில் நானே விட்டுவிட்டேன். செண்பகத்துக்குப் போட்டது அந்த வெட்டோடுதான்.

பிள்ளை தோளைக் குலுக்கிச் சிரித்தான்.

"மாமா, எடுத்துட்டியளா?"

"இல்லம்மா" என்றார். "இன்னொரு மட்டம் பாப்போம். ஏளா, நீ மொதல்ல போடு."

நான் பாதி போட்டேன். அவர் மீதி போட்டார். எடுத்தார். பிள்ளைக்குத் தாங்க முடியாத சிரிப்பு. முப்பிடாதியும் சிரிக்கிறாள், மஞ்சள் படத்தில் இருக்கிற அதே சிரிப்பு. எத்தனை படம் எடுத்தாரோ தெரியாது, எடுத்துக்கொண்டே இருந்தார்.

அவர்கள் போன பிறகு கடைக் கதவைப் பாதி சாத்தினேன். பாவாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதிகம் பேசக் கூடாது என்றாலும் கேட்டுவிட்டேன்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? அந்தக் கடைசி வெட்டு எனக்கே மறந்துபோச்சு. நீங்க உள்ளல்லா இருந்திய. தண்ணி விழுத சத்தத்துல என்ன கேட்டிருக்கும்?"

லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"கொழாய அடச்சிருவேன்."

"எப்ப?"

"நீ சத்தம் போட ஆரம்பிச்சதும். அடச்சிட்டு, கதவுல காத வச்சு நின்னுருவேன். அவ சிரிச்சு முடிக்கவும் தொறப்பேன். செல நேரம் தொறக்கவே மறந்துரும். ஆளு வந்து படத்தக் கேட்டா அப்பிடியே எடுத்துக் காயப்போட்டுக் குடுத்துருவேன்."

மேஜையில் முப்பிடாதியின் படம் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"பேப்பரு நல்ல பேப்பருதாம்ளா" என்றார்.

அழக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். அழுதேன். தெருவுக்குக் கேட்கிற அளவுக்கு அழுதேன். அவர் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார், பாவாடையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் அவள் சிரிப்பை நான் ஒருத்திதான் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பாயசத்தை இரண்டு டம்ளர் குடிக்கிற மனுஷனை என்னவென்று நினைத்தேன் நான்?

இருட்டறையில் பீடியும் இல்லை, ஒன்றும் இல்லை. பஸ்ஸில் வந்த அன்றைக்கே பழக ஆரம்பித்துவிட்டாராம். குழாயைத் திறந்துவிட்டது எனக்குக் கேட்காமல் இருக்க.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று தபசு. கூட்டத்தில் நசுங்கி, சாமி பார்த்து, செருப்பைத் தொலைத்து வந்தோம். கால் இன்னும் வலிக்கிறது.

முப்பிடாதி மொட்டைத் தலையில் சந்தனம் பூசின மகனைத் தூக்கிக்கொண்டு படம் வாங்க வந்தாள். பெண்வேஷப் படத்தைப் பார்த்து, "இவன் கல்யாணத்துல இத வாசல்லயே வைக்கேன்" என்றாள். அவளுடைய படத்தையும் மஞ்சள் எடுத்துப் புதிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு வைத்திருந்தார். பழைய படத்தை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"மஞ்சப் படம் ஒங்களுக்கு என்னத்துக்குத்த?"

எங்கள் வீட்டுப் பிள்ளை அதில் இருக்கிறாள் என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. குறைவாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "இருக்கட்டும்ட்டீ" என்றேன்.

சாயங்காலம் கூடத்துச் சுவரில் அவரே ஆணி அடித்து அதை மாட்டினார். கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.